துறைகளைக் கடக்கும் பட்டமும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



பல துறைகள் இணைந்த பல்கலைக்கழகப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருக்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கு முன் இச்சங்கம் தொடங்கப்பெற்ற நாளில் இத்தகைய தலைப்பு எவர் நெஞ்சிலும் தோன்றியிராது. எட்டாம் வகுப்போடு பிள்ளையைச் செங்கல் சூளைக்கும் பட்டறைக்கும் அனுப்பிவிடாதீர்கள் என்று சங்கத்தார் அன்று வீடு வீடாகச் சென்று மன்றாடினார்கள். இன்று அதே வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள், எந்தப் பட்டம் படிப்பது என்று கேட்கிறார்கள். கேள்வி மாறியிருப்பதே இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்குச் சான்று. எனினும் புதிய கேள்விக்குப் பழைய விடை போதாது.

நாம் பணியாற்றுவது உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்போடு பிள்ளைகள் நம்மிடம் விடைபெற்றுச் சென்றுவிடுவார்கள். ஆயினும் மேல்நிலைத் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாளே, மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தி மீண்டும் நம் அறை வாயிலில் வந்து நிற்பார்கள். பெரும்பாலோர் கேட்பவை தெரிந்த பெயர்கள்தாம்: பி.காம்., கணிதம், ஆங்கிலம், செவிலியர் படிப்பு. சில ஆண்டுகளாக வேறு பெயர்களும் வருகின்றன. வளர்ச்சி ஆய்வியல், சுற்றுச்சூழல் அறிவியல், ஊரக வளர்ச்சி, மகளிரியல், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலை என்று அவை நீள்கின்றன. “ஐயா, இதப் படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்?” என்று தந்தை கேட்கிறார். “ஐயா, இதுல எனக்குப் பிடிச்ச எல்லாப் பாடமும் இருக்கு” என்கிறாள் மகள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் நடுவே அமர்ந்து விடை சொல்வது எளிதன்று. அவ்விடையைத் தேடும் முயற்சியே இவ்வுரை.

முதலில் இப்படிப்பு யாதென்று தெளிவோம். துறை என்னும் சொல்லைப் பாடப் பிரிவுக்கு வழங்குகிறோம். ஆற்றில் மக்கள் இறங்கும் இடம் என்பது அச்சொல்லின் பழம்பொருள்களுள் ஒன்று. வைகைக்குத் துறைகள் பல, ஆறு ஒன்றே. (எல்லாத் துறைகளிலும் இறங்க நம் முன்னோருக்கு உரிமை இல்லாதிருந்தது வேறு கதை. எண்ணிப் பார்த்தால் வேறு கதையும் அன்று.) பொருளாதாரம் ஒரு துறை, வரலாறு ஒரு துறை, உயிரியல் ஒரு துறை. கேள்வி ஒன்று பல துறைகளில் கால் ஊன்றி நிற்குமானால், அதற்கு விடை காண முயல்பவரும் பல துறைகளில் இறங்கியாக வேண்டும். அவ்வாறு இறங்கக் கற்பிப்பதே பல்துறைப் படிப்பு. பல பாடங்களைச் சிறிது சிறிதாகக் கலந்து ஊட்டுவது அன்று அது.

நம் ஊர்க் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். பெரியாற்று அணையின் நீர் 1895 முதல் இம்மாவட்டத்துக்கு வருகிறது. வைகை அணை 1959இல் திறக்கப்பெற்றது. இருந்தும் கடைமடையில் உள்ள கண்மாய் ஒன்று நிரம்பாமல் கிடக்கிறது. ஏன்? வரத்துக்கால் தூர்ந்திருப்பது பொறியியல் பற்றிய செய்தி. மழை குறைந்ததா என்பது வானிலையியல். வரத்துக்காலை வளைத்துப் போட்டவர் யார், அவரை எதிர்த்து ஊரில் ஒருவரும் வாய் திறவாதது ஏன் என்பன சமூகவியல். வளைத்த இடம் பட்டாவானது எவ்வாறு என்பது சட்டமும் வருவாய்த்துறை ஆவணமும். நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் பெயர் பெற்றிருந்த பெரியவர்கள், மடை திறக்கும் முறை, தண்ணீர்ப் பங்கின் கணக்கு, மண்ணின் தன்மை, ஊரின் சச்சரவு ஆகிய அனைத்தையும் ஒருசேர அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் அளித்ததில்லை. அவர்கள் பெற்றிருந்தது பல்துறை அறிவு என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

பஞ்சமி நிலத்தை எண்ணிப் பாருங்கள். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக 1892இல் அரசாணை பிறந்தது. நம் மக்களுக்கென நிலம் ஒதுக்கப்பெற்றது. அந்நிலம் யார் கையில் இன்று இருக்கிறது என்பதைக் கண்டறிய நூறாண்டு ஆவணத்தைப் படிக்கும் வரலாற்றறிவு வேண்டும். புல எண்ணை வரைபடத்தில் பொருத்திப் பார்க்கும் நிலஅளவை அறிவு வேண்டும். மீட்கச் சட்டம் வேண்டும். மீட்டபின் ஊரில் வாழ்வதற்குத் துணிவு வேண்டும். அதை மட்டும் எந்தத் துறையும் கற்பிப்பதில்லை.

இன்னும் அண்மையில் வருவோம். மதுரைக்குத் தென்கிழக்கே, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் கீழடி இருக்கிறது. அங்கு இந்தியத் தொல்லியல் துறை 2014–15இல் அகழாய்வைத் தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2019இல் மாநிலத் துறை வெளியிட்ட அறிக்கையைப் புரட்டினால், தமிழ்ப் புலவரும் கல்வெட்டறிஞரும் மட்டும் உழைத்து அது உருவாகவில்லை என்பது விளங்கும். கரி மாதிரிகள் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பெற்றன. அவற்றுள் ஒன்றின் காலம் கி.மு. 580 என வந்தது. விலங்கெலும்புகளைப் புனேயில் உள்ள தக்காணக் கல்லூரியினர் ஆராய்ந்தார்கள். பானை ஓடுகள் இத்தாலி நாட்டுப் பீசா பல்கலைக்கழகம் வரை சென்றன. அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த எலும்புகளை நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தொல்மரபணு ஆய்வுக்கூடம் ஆராய்ந்துவருகிறது. வேதியியல், உயிரியல், மண்ணியல், மொழியியல் அனைத்தும் ஒரே குழிக்குள் இறங்கியிருக்கின்றன. அக்குழியில் கூடை சுமந்து மண் அள்ளியவர்கள் சுற்று ஊர்களின் உழைப்பாளிப் பெண்களும் ஆண்களும். கூடை சுமந்தவர் வீட்டுப் பிள்ளை, அடுத்த தலைமுறையில் அளவுகோலும் குறிப்பேடும் ஏந்தி அதே குழிக்குள் இறங்க வேண்டும் என்று நாம் விரும்புவது தவறாகுமா?

எனவே பல்துறைப் படிப்பு நமக்கு அந்நியமானது அன்று. நம் கேள்விகள் ஒரு துறைக்குள் அடங்குவன அல்ல. சாதியை எந்த ஒற்றைத் துறையில் வைத்து விளங்கிக்கொள்வது? இதை நமக்கு முதலில் காட்டியவர் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள்.

அவர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன்; மூன்றாண்டுக்கு. அம்மூன்றாண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் கணக்கை ஆய்வாளர்கள் எடுத்துத் தந்திருக்கிறார்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. இவை போக பிரெஞ்சும் செருமனும் தொடக்க நிலையில் ஒவ்வொன்று. இக்கணக்கை மாணவர்கள் ஒரு தாளில் எழுதிப் படிப்பறையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 1916 மே மாதம் ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையை அவர் படித்தது பொருளாதார வகுப்பில் அன்று; கோல்டன்வைசர் என்னும் பேராசிரியர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ரூபாயின் சிக்கலைப் பற்றி எழுதி இலண்டன் பொருளாதாரப் பள்ளியின் வாயிலாக அறிவியல் பேரறிஞர் பட்டம் பெற்றது 1923இல். சட்டம் பயின்று வழக்கறிஞரானதும் அக்காலத்திலேயே. அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவரிடம் இத்தனை துறைகளும் ஒன்றுகூடியிருந்தன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நம் மேடைகளில் அதிகம் பேசப்படாதது அது. அவர் அத்தனை துறைகளிலும் இறங்கினார். ஆனால் 1915இல் பெற்ற முதுகலைப் பட்டத்துக்குப் பெயர் பொருளாதாரம். முனைவர் பட்டமும் பொருளாதாரமே. படிப்பின் உள்ளடக்கம் துறைகளைக் கடந்தது. சான்றிதழில் இருந்த பெயரோ எவரும் அறிந்த பெயர். எந்த அலுவலகத்தில் அச்சான்றிதழை நீட்டினாலும் “இது என்ன பட்டம்?” என்று ஒருவரும் கேட்க முடியாது. தீண்டாமையின் காரணமாக அவருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்புகள் பல. பட்டத்தின் பெயரால் அவரைத் தடுக்க மட்டும் எவராலும் இயலவில்லை.

இதை ஏன் இத்துணை அழுத்திச் சொல்கிறோம் என்றால், பெயரால் தடுக்கப்பட்டவர் நம்மிடையே இருக்கிறார்கள். நம் பழைய மாணவர் ஒருவர், பெயர் வேண்டா, இரு அறிவியல் பாடங்கள் இணைந்த பட்டம் ஒன்றைப் பெற்றார். பாடம் நல்ல பாடம். மதிப்பெண்ணும் நல்ல மதிப்பெண். பணித் தேர்வு எழுதித் தேர்ச்சியும் பெற்றார். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில், “அறிவிக்கையில் குறித்துள்ள பட்டத்துக்கு இது இணையானது என்று அரசாணை உண்டா?” என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை. அப்படி ஓர் ஆணை வேண்டும் என்பதைப் படித்த மூன்றாண்டுகளில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்கும் சென்னைக்கும் ஈராண்டு நடந்தார். அவருடைய தாய் நடவு வேலைக்குச் சென்று சேர்த்த பணம் பேருந்துக் கட்டணமாயிற்று. பிறகு எந்தப் பட்டமும் போதும் என்னும் வேறொரு தேர்வை எழுதி, இன்று அரசுப் பணியில் இருக்கிறார். ஆனால் இழந்த ஈராண்டுகளை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

இதன் முறை யாதென்று சற்று விரித்துச் சொல்வோம்; ஏனெனில் கல்லூரி விளம்பரத்தாளில் இது அச்சாவதில்லை. வேலைகள் இருவகை. முதல் வகையில் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். இந்திய ஆட்சிப்பணி முதலிய குடிமைப் பணிகள், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வு, இரண்டாம் தொகுதியில் பெரும்பாலான பணிகள், வங்கித் தேர்வுகள் ஆகியன இவ்வகையின. மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வதற்கும் எந்தப் பட்டமும் ஏற்புடையதே. இவ்விடங்களில் வளர்ச்சி ஆய்வியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். பல்துறை படித்தவருக்குப் பொதுஅறிவுத் தாளில் சற்றே ஆதாயமும் உண்டு என்பது நம் கருத்து.

இரண்டாம் வகையில் பட்டத்தின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். ஆசிரியப் பணி அவற்றுள் தலையாயது. நம் வீடுகளிலிருந்து முதன்முதலாக அரசுச் சம்பளம் பெற்றவர்களுள் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதை இங்கிருப்போர் அறிவீர்கள். பட்டதாரி ஆசிரியருக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று பாடங்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. முதுகலை ஆசிரியருக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையான பாடத்திலோ இருக்க வேண்டும். இளநிலையில் ஒன்றும் முதுநிலையில் வேறொன்றும் படித்தவருக்கு அவ்வாயில் அடைபடும். இணையானது எது என்பதை விண்ணப்பிப்பவர் முடிவு செய்ய இயலாது. பல்கலைக்கழகமும் தனித்து முடிவு செய்ய இயலாது. உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு ஆராய்ந்து, உயர்கல்வித் துறை அரசாணை பிறப்பிக்க வேண்டும். ‘தாவர உயிரியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பமும்’ என்னும் பட்டம் தாவரவியலுக்கு இணை என்றும், ‘மேம்பட்ட விலங்கியலும் உயிர்த்தொழில்நுட்பமும்’ என்பது விலங்கியலுக்கு இணை என்றும் ஏற்கப்பட்டது இவ்வழியில்தான். பெயரில் தாவரவியல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும் ஆணை வேண்டியிருந்தது. பெயரிலேயே பழைய பாடம் எதுவும் இல்லாத பட்டத்தின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் வேறொரு பட்டியலைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் மகளிரியல், சுற்றுச்சூழல் அறிவியல், மனித உரிமைகளும் கடமைகளும் ஆகியன தனிப் பாடங்களாக இடம்பெற்றுள்ளன. பௌத்த, சமண, காந்திய, அமைதி ஆய்வுகள் ஒரே பாடமாக வைக்கப்பட்டிருக்கின்றன. வளர்ச்சி ஆய்வியலோ பொருளாதாரத்துக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. எனவே அதைப் படிப்பவர் பொருளாதாரத் தேர்வுக்கும் ஆயத்தமாக வேண்டும். இச்சிறு செய்தி ஒன்றே ஒருவருடைய ஐந்தாண்டு உழைப்பைக் காப்பாற்றவும் கூடும், வீணாக்கவும் கூடும்.

இத்தொல்லை இன்று முளைத்ததும் அன்று. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் காந்திகிராமம் இருப்பதை அனைவரும் அறிவீர்கள். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947இல் அதை நிறுவினார்கள். அங்கு ஊரக உயர்கல்வி நிலையம் 1956இல் தோன்றியது. வேளாண்மை, நலவாழ்வு, கூட்டுறவு, சமூகப் பணி அனைத்தையும் சிற்றூரின் தேவையை ஒட்டி இணைத்துக் கற்பிப்பது அதன் நோக்கம். பல்துறைக் கல்வி என்று இன்று புதிதாகப் பேசுகிறார்களே, அதை நம் பக்கத்து ஊரில் எழுபதாண்டுக்கு முன்பே செய்துகாட்டினார்கள். தொடக்கத்தில் அந்நிலையம் அளித்தது பட்டம் அன்று, பட்டயம். பட்டயத்தைப் பட்டத்துக்கு ஒப்பாகக் கொள்வதா என்னும் கேள்வி அன்றும் மாணவரைத் தொடர்ந்தது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபின் அக்கவலை பெரிதும் தணிந்தது. நல்ல கருத்து முதலில் பிறக்கிறது; ஏற்பு மெல்லப் பின்னால் வருகிறது. நடுவில் உள்ள ஆண்டுகளில் படித்தவர்கள்தாம் சுமை தாங்குகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அச்சுமையைத் தாங்கலாம். அந்த ஆண்டுகளில் நம் பிள்ளைக்கு யார் சோறு போடுவது?

நம் காமராசர் பல்கலைக்கழகத்தில் எண்பதுகளின் நடுவில் உயிர்த்தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பு தொடங்கியபோது அதுவும் துறைகளுக்கு இடையில் பிறந்த குழந்தையே. இந்நாட்டில் அப்படிப்பை முதலில் நடத்திய சில பல்கலைக்கழகங்களுள் நம்முடையது ஒன்று. இன்று அப்பெயர் தெருவில் போகிறவருக்கும் தெரியும். ஆகவே புதிய பெயர் என்றாலே ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை.

படிப்பின் ஆயுளையும் பார்க்க வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வளர்ச்சி ஆய்வியலிலும் ஆங்கில ஆய்வியலிலும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பை 2006இல் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் தனி நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம் என்றிருந்தது. 2023இல் அது ஈராண்டு முதுகலையாக மாறியது. பட்டம் பெற்றபின் கேட் தேர்வு எழுதியே சேர வேண்டும். பள்ளியிலிருந்து நேரே நுழைய இருந்த வாயில் அடைபட்டது. இன்னொன்று: சமூக விலக்கம் பற்றி ஆராயும் மையங்களை மானியக் குழு பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல பல்கலைக்கழகங்களில் திறந்தது. நமக்கே உரிய பொருள் அது. ஆனால் அவை திட்ட நிதியை நம்பியிருந்தவை. ஐந்தாண்டுத் திட்டங்களே 2017இல் முடிவுக்கு வந்தன. நிலையான ஆசிரியர் பணியிடம் உள்ள துறையா, திட்ட நிதியில் நடக்கும் மையமா என்பதை விசாரிக்காமல் சேரக் கூடாது. விசாரிப்பது எளிது. அங்கு முன்னர்ப் படித்த இருவரைக் கண்டுபிடித்துப் பேசினால் பாதி உண்மை வெளிவந்துவிடும். மீதிப் பாதியைத் துறைத் தலைவரிடம் எழுதிக் கேட்கலாம். விடை வராவிட்டால் அதுவும் ஒரு விடையே.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஏனெனில் சங்கத்தின் செயலாளர் இதை விரிவாகப் பேசவிருக்கிறார். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. இவை நம் பிள்ளைகளின் உரிமை. சலுகை என்று எண்ணிக் கூச வேண்டா. ஆனால் வெளிநாட்டுப் படிப்பைக் கனவு காண்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்க்கு ஒன்றிய அரசு வழங்கும் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையின் விதிகள் 2022இல் திருத்தப்பட்டபோது, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு அத்தொகை இல்லை என்று எழுதினார்கள். இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின என்று ஆராய விரும்பும் மாணவருக்கு அந்த விதியில் இடமில்லை. பரோடா மன்னர் அப்படி ஒரு விதி வைக்கவில்லை என்பதற்காக அவருக்கு நன்றி சொல்வோம்.

நுழைவுத்தேர்வு பற்றி ஒரு சொல். திருவாரூரில் 2009இல் தோன்றிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலையிலும் ஒருங்கிணைந்த படிப்புகளிலும் சேர 2022 முதல் கியூட் என்னும் பொதுத்தேர்வு வந்துவிட்டது. அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதும் பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. முதலாண்டில் அம்மொழிச் சுமைக்கு யார் துணை நிற்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈராண்டுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகள். நம் பள்ளியில் படித்தவள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூக அறிவியல்கள் இணைந்த ஐந்தாண்டுப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது. அதே வாரத்தில் மதுரைக் கல்லூரி ஒன்றில் வரலாறும் கிடைத்தது. தந்தையும் மகளும் நம் அறையில் ஒரு மாலை முழுதும் அமர்ந்திருந்தார்கள். “ஐயா, நீங்க சொல்றபடி செய்யிறோம்” என்றார் தந்தை. இப்படிச் சொல்பவர்களிடம்தான் நமக்கு அச்சம் மிகுதி. விளக்கக் கையேட்டை வரி வரியாகப் படித்தோம். மூன்றாண்டில் வெளியேற நேர்ந்தால் பட்டம் உண்டா? உண்டு. அதில் என்ன பெயர் இருக்கும்? சமூக அறிவியல் என்று இருக்கும். அப்பெயரால் இங்கே ஆசிரியராக முடியுமா? இணைத்தன்மை ஆணை இல்லாமல் முடியாது. இவை அனைத்தையும் அவள் முன்னிலையில் தந்தைக்குச் சொன்னோம். பிறகு அவளிடம், எதற்காக அதைக் கேட்கிறாய் என்று வினவினோம். தன் பாட்டி உழுத நிலம் கைமாறிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்ததாகவும், அது எவ்வாறு நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றும், ஆசிரியராகும் எண்ணம் தனக்கு இல்லை என்றும் சொன்னாள்.

வரலாற்றை முதலில் படித்துப் பின்னர்ச் சட்டம் படிக்கலாம் என்பதே நாம் கூறிய கருத்து. அவள் பொறுமையாகக் கேட்டாள். அடுத்த நாள் வெளிமாநிலப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததாகச் செய்தி அனுப்பினாள், தந்தை கையொப்பமிட்டார். பயண முன்பணத்தைச் சங்கம் கொடுத்தது. இன்று இரண்டாமாண்டு படிக்கிறாள். நம் கருத்து முழுதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்று: அவள் கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுத்தாள். எந்த வாயில் தனக்கு அடைபடும் என்பதை அறிந்தே சென்றாள். முன்னர்ச் சொன்ன மாணவருக்கும் இவளுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. இருவருள் எவரும் திறமையில் குறைந்தவர் அல்லர்.

ஆசிரியப் பணியையோ பாடம் குறித்த வேறு பணியையோ விரும்புகிறவர்கள், அல்லது எதை விரும்புகிறோம் என்று இன்னும் தெளியாதவர்கள், முதல் பட்டத்தைப் பெயர் தெரிந்த பாடத்தில் பெறுங்கள் என்போம். தெளியாதவர்களே மிகுதி, பதினேழு வயதில் அது குற்றமும் அன்று. அப்பட்டத்துக்குள்ளேயே துறைகளைக் கடக்க இடம் உண்டு. நம் கல்லூரிகளில் பிறதுறை விருப்பப் பாடம் ஒன்று எடுக்கும் முறை இருக்கிறது. எளிதில் மதிப்பெண் வரும் என்று எதையோ எடுத்துக் கழிக்காமல், வரலாறு படிப்பவர் புள்ளியியலையும் தாவரவியல் படிப்பவர் பொருளாதாரத்தையும் கேட்டுப் பெற வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இத்தகைய இடம் கூடுதல்; தமிழ்நாட்டில் 1978இல் தன்னாட்சி பெற்ற முதல் கல்லூரிகளுள் நம் அமெரிக்கன் கல்லூரியும் ஒன்று. இரண்டாம் பட்டத்தில் விரும்பிய கலப்புப் படிப்புக்குச் செல்லலாம். அப்போது கையில் ஒரு பட்டம் இருக்கும். கீழே விழுந்தாலும் தரை இருக்கும்.

எந்தப் பட்டமும் போதும் என்னும் தேர்வுகளையோ சட்டத்தையோ ஆராய்ச்சியையோ பொதுப்பணியையோ மனத்தில் உறுதியாகக் கொண்டவர்கள் முதலிலேயே பல்துறைப் படிப்பில் சேரலாம். அவர்களைத் தடுக்க வேண்டா என்று பெற்றோரை வேண்டுகிறோம். அச்சத்தை மட்டும் வைத்துப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்வோமானால், நம் வாழ்வைப் பற்றிய கேள்விகளை எல்லாம் பிறர் வீட்டுப் பிள்ளைகளே ஆராய்ந்து எழுதுவார்கள். நாம் அவர்களுடைய நூலில் ஒரு அட்டவணையாக இருப்போம். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராகவும் தமிழறிஞராகவும் பௌத்தராகவும் இதழாசிரியராகவும் ஒரே நேரத்தில் இருந்து, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி நம் வரலாற்றை நாமே எழுதலாம் என்று காட்டினார். அவர் எவரிடமும் இணைத்தன்மைச் சான்று கேட்கவில்லை என்று இளைஞர் சிலர் நம்மை மடக்குவதுண்டு. உண்மைதான். அவர் மாதச் சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை என்று நாமும் திருப்பிச் சொல்வதுண்டு.

சங்கம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. இணைத்தன்மை அரசாணைகளையும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கைகளையும் நெட் பாடப் பட்டியலையும் அச்சிட்டு ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். நம் பிள்ளைகள் எங்கெங்கு எந்தெந்தப் படிப்பில் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு பதிவேடும் தொலைபேசி எண்ணோடு வேண்டும். கோப்பைத் தொகுக்கும் பொறுப்பை நாம் ஏற்றிருக்கிறோம். பதிவேட்டைச் சங்கத்தின் இளைஞர் அணியினர் எழுதித் தர இசைந்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் சங்கப் படிப்பகத்தில் இருப்போம். விண்ணப்பிக்க எண்ணியிருக்கும் படிப்பின் விளக்கக் கையேட்டை எடுத்துவாருங்கள். பாடத்திட்டம் கிடைத்தால் அதையும் கொண்டுவாருங்கள். தந்தையோ தாயோ உடன் வர வேண்டும். வேலைக்குப் போக வேண்டியவர்கள் மாலை ஆறு மணிக்கு வரலாம், விளக்கு எரியும்.